பாத்துக்கோ

பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டால், ஃபோன் எடுப்பதற்கும் டோக்கன் கொடுப்பதற்கும் என்றுதான் டாக்டர் சொல்வார். உண்மையில் அவள் அங்கே பொய் சொல்லத்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மெஷின் கீச்சிடும். வெளியே தாடையைப் பிடித்தபடி காத்திருப்பவரின் முகம் வெளிறிப்போகும். இவள் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டி, ஒன்றுமே இல்லை, எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்பாள். வருஷக்கணக்காக அந்த எறும்பு ஊரில் பாதிப் பேரைக் கடித்துவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொண்டு, வாய் ஒரு பக்கம் கோணி, அவளை முறைத்துக்கொண்டே வெளியே போனவர்களும் உண்டு. அடுத்த பல்லுக்கு வரும்போது அவர்களும் அவளைத்தான் தேடினார்கள். அந்தக் குரலில் அப்படி ஒரு இதம்.

சபையிலும் எல்லோருக்கும் அவள் கிளினிக் அக்காதான். நோயாளிகளையும் துக்க வீடுகளையும் தான் ஒருவனே ஓடி ஓடிப் பார்க்க முடியவில்லை, விசுவாசிகளே இந்த ஊழியத்தில் கை கொடுக்க வேண்டும், அதற்குப் பயிற்சியும் உண்டு என்று போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் அவள். எனக்குத் தெரியாததையா இவர்கள் சொல்லித் தரப்போகிறார்கள் என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது. பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிற அவள் வீட்டுக்காரர் செய்தியைக் கேட்டுவிட்டு, "நீ ஆறுதல் சொல்லப் போறியா? பாவம், அவங்க ஏற்கெனவே கஷ்டத்துல இருக்காங்களேம்மா" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

வகுப்பு, ஆலயத்துக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடக்கும் அறையில். எல்லாம் சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகள். பெரியவர்கள் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். நடத்தியது ஹெட் சிஸ்டர். அரசு மருத்துவமனையில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். கிளினிக் அக்காவைவிட ஏழெட்டு வயதுதான் கூட. ஆனால் வார்டில் கத்திக் கத்தியே குரல் தேய்ந்து, பேசினால் உப்புத்தாளில் உரசுவது போலிருக்கும். துக்க வீட்டுக்குப் போனால் கட்டிலில் உட்காராதே, கேட்காமல் ஜெபம் பண்ணாதே, கர்த்தருடைய சித்தம் என்ற வார்த்தையை உன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ என்று அவர் அடுக்கியதை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். யாராவது, ஒரு விஷயம் சொல்கிறேன், வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடு என்று கேட்டால், என்ன விஷயம் என்று தெரியாமல் வாக்குக் கொடுக்கக் கூடாது. சாகலாம் போலிருக்கிறது என்று யாராவது ஜாடையாகப் பேசினால் சுற்றி வளைக்காமல் நேரே கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. எண்ணம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது, கேட்க ஆள்தான் வரவில்லை என்றார்.

பிறகு நடித்துப் பார்க்கச் சொன்னார். ஹெட் சிஸ்டரே பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக உட்கார்ந்துகொண்டார். கிளினிக் அக்கா போய்க் கையைப் பிடித்து, தன் இதமான குரலில், அழாதீங்கம்மா, எல்லாம் சரியாகிவிடும் என்றாள். ஹெட் சிஸ்டர் முகத்தை மாற்றாமல், "எது சரியாகும்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. அன்று வீட்டுக்கு வந்தும், அந்தம்மாவுக்கு மனிதர்களிடம் பேசத் தெரியவில்லை, செத்தவர்களோடு இருந்து இருந்து அப்படி ஆகிவிட்டார் என்று வீட்டுக்காரரிடம் பொருமினாள்.

ஊருக்கு வெளியே, பழைய காகிதத்தையும் அட்டையையும் வாங்கிப் பொதிகளாக அழுத்திக் கட்டும் ஆலை ஒன்று இருந்தது. அட்டைகள் ஓடும் பட்டையில் ஏறி, ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் விழும். சுவிட்சைப் போட்டால் பெட்டியின் ஒரு பக்கச் சுவரே நகர்ந்து வந்து அழுத்தும். அதில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடைப்பு எடுக்க ஆள் உள்ளே இறங்க வேண்டும். அந்த ஆலையின் ஃபிட்டர் இதே சபையைச் சேர்ந்தவர். பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று அடித்தொண்டையில் பாடுவார். அவர் பாடாத வாரம் பாட்டுக்கு அஸ்திவாரமே இல்லாதது போலிருக்கும். சுவிட்ச் போடுகிற ஆபரேட்டரும் இதே சபைதான். அவன் இளவயசுக்காரன். ஆராதனைக்குத் தாமதமாக வந்து, கதவோரப் பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் கிளம்பிவிடுகிற ரகம்.

ஒரு நாள் காலை ஃபிட்டர் அடைப்பெடுக்க உள்ளே இறங்கியிருந்தபோது ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டான்.

சவப்பெட்டியை மூடியேதான் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஃபிட்டரின் மனைவி கேட்டபோது, அவளுடைய அண்ணன்கள் அவளைச் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். பாடகர் குழு பாட முயன்று பாதியில் நிறுத்திவிட்டது. யாரிடமும் சொல்லாமல் ஃபிட்டர் தானாகவே உள்ளே இறங்கிவிட்டார், அதுதான் காரணம் என்று ஆலை நிர்வாகம் சொன்னது. ஆபரேட்டரும் போலீசிடம் அதையே சொல்லியிருந்தான்.

அந்த வாரம் சபையே திரண்டு ஃபிட்டர் வீட்டில் கிடந்தது. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சமையல் ஒரு கூட்டம், பாத்திரம் கழுவ ஒரு கூட்டம். சனிக்கிழமை வகுப்பில் ஆளாளுக்குத் தாங்கள் செய்ததைச் சொல்லி முடித்ததும், இன்னொரு வீடும் இருக்கிறதே, அங்கே யார் போனீர்கள் என்று ஹெட் சிஸ்டர் கேட்டார். ஒருவர் தன் வேதாகமத்தின் ஜிப்பைத் திறந்து மூடினார். கிளினிக் அக்கா கையைத் தூக்கினாள். இரக்கம் ஒரு காரணம். எது சரியாகும் என்று கேட்டவருக்கு, என்னால் என்ன முடியும் என்று காட்ட வேண்டும் என்பது இன்னொன்று.

ஆபரேட்டர் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். படிக்கட்டு குறுகல்; எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை. அறையில் பாதியை ஒரு இரும்பு பீரோவும் கட்டிலும் அடைத்திருந்தன. அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் அவன் மனைவிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சபையிலிருந்து நீங்கள்தான் முதலில் வருகிறீர்கள் அக்கா என்று சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள்.

கிளினிக் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். அறையின் இறுக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை. காத்திருக்கும் நோயாளியிடம் தண்ணீரை நீட்டுவது போல அவள் வாய் தானாகத் திறந்தது.

"தம்பி, இதுல உங்க தப்பு ஒண்ணுமே இல்ல. அவர் ஒரு வார்த்தை சொல்லாம உள்ள இறங்கினா நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க இடத்துல யார் இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற பார்வை. பிறகு எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் டீ குடித்து முடித்து, ஒரு சங்கீதம் வாசித்து, கிளம்புகிறவரை அந்தக் குழாய் நிற்கவில்லை. மனைவியோ படி வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் சொன்னதைத்தான் நானும் படித்துப் படித்துச் சொல்கிறேன் அக்கா, இனி நம்புவார் என்றாள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஹெட் சிஸ்டர், நீங்கள் பேசியதும் யாருக்கு மனசு லேசானது என்று மட்டும் கேட்டார். அந்தத் தம்பிக்கு என்று சொல்ல வாயெடுத்தவள், அந்தக் குழாய்ச் சத்தம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். அவன் மனைவிக்கு என்றாள். கொஞ்சம் யோசித்து, எனக்கும் என்றாள். அன்று யாரும் சிரிக்கவில்லை. நல்லது, மறுபடி போங்கள், இந்தத் தடவை கையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள், வாயிலும்கூட என்றார் ஹெட் சிஸ்டர்.

அது சொல்லும் அளவுக்குச் சுலபமாக இல்லை. அடுத்த தடவைகளில் அவள் போய்ச் சும்மா உட்கார்ந்தாள். அவனும் சும்மா உட்கார்ந்திருந்தான். மனைவி தையல் வேலைக்குப் போகிற துணிக் கம்பெனியில் விடுப்பு தர மறுத்துவிட்டதால், சாயங்காலம் இவள் வரும் நேரத்தில் அவள் பெரும்பாலும் வீடு திரும்பியிருக்கமாட்டாள். எதிர்ச் சுவரில் பல்லி நகர்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளையோடு பேசாமல் உட்கார்ந்திருப்பது மகா அவஸ்தையாக இருந்தது. நாக்கின் நுனியில் ஆறுதல் வந்து வந்து முட்டியது. ஒருநாள் வீட்டுக்காரரிடம், வாயைத் திறக்காமல் இருக்கிறதற்கு ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தால் கல்யாணமான வருஷமே வாங்கியிருப்பேனே என்றார் அவர். ஆனால் அன்றிலிருந்து அவள் போகும் நாட்களில் தானே அவளைக் கொண்டுபோய் விட்டு, கட்டடத்துக்குக் கீழே டீக்கடையில் காத்திருக்க ஆரம்பித்தார்.

ஆபரேட்டர் மெலிந்துகொண்டே வந்தான். சவரம் பண்ணவில்லை. உள்ளங்கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. ஒரு சாயங்காலம், அவள் போய் உட்கார்ந்து வெகுநேரம் கழித்து, அவனாகவே பேச்செடுத்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

அவள் சரி என்று சொல்லத்தான் போனாள். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னாள். என்னவென்று தெரியாமல் வாக்குக் கொடுக்க முடியாது தம்பி, ஆனால் உங்களுக்குத் தெரியாமல், உங்கள் முதுகுக்குப் பின்னால் எதுவும் செய்ய மாட்டேன், அது நிச்சயம் என்றாள். அவன் எழுந்து மறுபடியும் குளியலறைக்குள் போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போகவில்லை.

"அவர் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றான்.

அவன் கைகளைப் பார்த்தபடியே மெல்ல மெல்லச் சொன்னான். ஃபிட்டர் அன்று காலை அவன் பக்கத்தில் வந்து நின்று, உள்ளே போகிறேன், பாத்துக்கோ என்று தோளில் தட்டிவிட்டுத்தான் போனார். இவனும் தலையாட்டினான். சுவிட்சில் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் ஃபிட்டர் உள்ளே இறங்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தப் பூட்டு தொலைந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. கேட்டால் வரும் வரும் என்பார்கள். எல்லாம் வாய்வார்த்தையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் வந்து, எவ்வளவு நேரம் நிற்பது என்று இவனிடம் சண்டைக்கு நின்றான். இவனும் பதிலுக்குக் கத்தினான். மானேஜர் வந்து இருவரையும் திட்டினார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே போனான். இவன் கோபத்தோடு திரும்பி வந்தான்.

"திரும்பி வந்து சுவிட்சைப் போட்டேங்க்கா. அவ்வளவுதான். நான் கவனிக்காம இல்ல, சத்தத்துல கேக்காம இல்ல. மறந்துட்டேன். ஒரு மனுஷன் உள்ள இருக்கிறத மறந்துட்டேன். கேஸை அணைக்க மறக்குற மாதிரி."

வெளியே யாரோ படியேறிப் போனார்கள். யாரும் சொல்லச் சொல்லாமலே அவள் வாய்க்கு வருகிற சொற்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. மறதி மனிதனுக்கு இயல்பு. பூட்டு இருந்திருந்தால் நடந்திருக்குமா. எல்லாமே நியாயமான சொற்கள்தான். ஆனால் அன்றைக்கு, உங்கள் தப்பு ஒன்றுமே இல்லை என்று இவள் சொன்னபோது, இவன் தொண்டை வரை வந்திருந்ததை இவளே உள்ளே தள்ளி மூடியிருக்கிறாள் என்பது இப்போது அவளுக்கு உறைத்தது. அவனுக்குப் பொய்யை எடுத்துக் கொடுத்தது ஆலை மட்டும் அல்ல.

"கேட்டுக்கிட்டேன் தம்பி" என்றாள்.

அவன் அழவில்லை. இதை யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தேன், சொல்லியாகிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்றான். அந்த ஒன்றுமில்லையில் இருந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள்.

"தம்பி, நேராவே கேக்குறேன். செத்துடலாம்னு தோணுதா?"

அவன் உள்ளங்கையில் உரிந்திருந்த தோலைக் கிள்ளினான்.

"தினமும்தான்" என்றான். "எப்படின்னும் யோசிச்சு வெச்சிருக்கேன்."

இதைப் பூட்டி வைக்க என்னால் முடியாது, உங்கள் மனைவி வரட்டும், உங்களை வைத்துக்கொண்டே நான் அவரிடம் சொல்லப்போகிறேன், அதுவரை இங்கேயேதான் இருப்பேன் என்றாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ சுமையை இறக்கி வைக்க இடம் கிடைத்தவன் போல அப்படியே கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவள் கீழே டீக்கடைக்கு ஃபோன் பண்ணி வீட்டுக்காரரை மேலே வரச் சொன்னாள். அவர் வந்து, எதையும் கேட்காமல், கதவுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மனைவி வந்ததும் இரண்டு விஷயங்களையும் அவனே சொன்னான். அவள் முதலில் கேட்டது சாவைப் பற்றித்தான். அன்றே நான்கு பேருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, அடிக்கடி வரச் சொன்னார். வீட்டில் அவனைத் தனியாக விடாமல் முறை போட்டுக்கொண்டு பார்த்தார்கள். பகலில் ஹெட் சிஸ்டர் வந்து உட்கார்ந்து அவனோடு சீட்டாடினார். அந்தம்மா சீட்டாடுவார் என்பதே சபைக்குப் புதுச் செய்தி.

மாத்திரை ஏறி, தூக்கம் கொஞ்சம் பிடிபட்ட பிறகு, விசாரணை அதிகாரியைப் பார்த்து உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றான் அவன். ஃபிட்டர் அஜாக்கிரதையாக உள்ளே இறங்கிச் செத்தார் என்று ஊரெல்லாம் பேசுவதை இனிமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்றான். கிளினிக் அக்கா ஹெட் சிஸ்டரிடம் ஓடினாள். போ என்பதா, போகாதே என்பதா என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்றார் ஹெட் சிஸ்டர். முதல் தடவையாக அந்த முகத்தில் அசதி தெரிந்தது. வக்கீலைப் பார்க்காமல் போக வேண்டாம், தனியாகப் போக வேண்டாம், அது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்றார். அவன் மனைவி காலில் விழாத குறையாக அவனைத் தடுத்தாள். கடைசியில் கிளினிக் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி அவருக்குத் தூக்கம்தான் வரல. இப்ப வேலை போகப்போகுது, கேஸ் வரப்போகுது. நீங்க எங்க வீட்டுல விளக்கு ஏத்த வந்தீங்களா, அணைக்க வந்தீங்களா?"

அவள் அவனை வற்புறுத்தவில்லை என்பது நிஜம். அவள் போகாமலிருந்திருந்தால் அவன் இதைச் சொல்லியிருக்கமாட்டான் என்பதும் நிஜம். அவன் போவதென்றே முடிவு செய்தான்; விசாரணை அதிகாரியின் அலுவலகப் பெஞ்சில் வக்கீலுக்கும் அவனுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்தாள். உள்ளே போய் அவன் சொல்லிவிட்டு வர அதிக நேரம் ஆகவில்லை.

ஆலை நிர்வாகத்துக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாயிற்று. பூட்டு எல்லோருக்கும் கொடுக்கப்பட்டிருந்தது, உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் சுவிட்சைப் போட்டது இந்த ஆள்தான், இவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்று மொத்தத்தையும் அவன் தலையில் கட்டியது. பூட்டு தொலைந்த கதையைச் சொல்லக்கூடிய மற்ற ஆட்களுக்கும் வேலை வேண்டியிருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு பதிவானது. சபையில் இரண்டு கட்சியானது. கிளினிக் அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் கிளறிவிட்டாள் என்று ஒரு கட்சி. கொலைகாரனுக்கு இவ்வளவு உபசாரமா என்று இன்னொன்று. போதகர் இரண்டு கட்சிக்கும் தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் ஃபிட்டரின் மனைவி அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

கூட்டம் வடிந்த வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அது. ஆரம்பத்தில் யார் யாரோ கொண்டுவந்த பாத்திரங்கள் திருப்பித் தரப்படாமல் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. சுவரில் ஃபிட்டரின் வேலைச் சட்டை ஆணியில் தொங்கியது. அந்த அம்மாள் நெட்டை. உட்கார்ந்தாலும் நிமிர்ந்துதான் உட்காருவாள். வா என்றாளே தவிர, வேறு ஒன்றும் சொல்லவில்லை. கிளினிக் அக்காவும் பேசவில்லை. அந்த அம்மாள்தான் ஆரம்பித்தாள். அவர் சொல்லிவிட்டுத்தான் போனார் என்று அதிகாரி சொன்னார். என்ன வார்த்தை சொன்னார் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியாகப் பேசினது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பையன் உன்னிடம் சொல்லியிருப்பானே என்றாள்.

அதைச் சொல்லலாமா என்று ஆபரேட்டரிடம் கேட்டுக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள். கேட்டால் சொல்லுங்கள், ஒன்றையும் மறைக்க வேண்டாம் என்றிருந்தான்.

"உள்ள போறேன், பாத்துக்கோன்னு சொன்னாராம். தோள்ல தட்டிட்டுப் போனாராம்."

"பாத்துக்கோன்னா சொன்னாரு" என்றாள் அந்த அம்மாள்.

அதற்கப்புறம் அவள் அதையே தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முகம் மெல்லக் கோணியது. வாயைப் புறங்கையால் அழுத்திக்கொண்டாள். வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போதும் அவர் தினமும் சொல்கிற வார்த்தை அதுதான். பாத்துக்கோ என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார் என்றாள். அப்புறம் குரலெழும்பாமல் உடம்பு மட்டும் குலுங்க அழுதாள். கிளினிக் அக்கா எழுந்துபோய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கத் தோன்றியது, ஆனால் அந்தக் கை முழங்காலைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பையன் உங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்க விரும்புகிறான் என்பதையும் அவள் சொல்லத்தான் வேண்டியிருந்தது. வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"வேண்டாம்" என்றாள் அந்த அம்மாள். "உண்மையைச் சொன்னான், சரி. இத்தனை நாளா என் புருஷன் மேலதான் எனக்குக் கோபம், ஏன் சொல்லாம இறங்கினீங்கன்னு. இப்ப யாரை வெறுக்கணும்னு தெரிஞ்சுடுச்சு. இது போதும் எனக்கு. அவன் வர வேண்டாம்."

ஆண்டவருக்காக மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல எத்தனையோ வசனங்கள் உண்டு. அவற்றில் ஒன்றையும் கிளினிக் அக்கா எடுக்கவில்லை. போகும்போது அந்த அம்மாள், மூலையில் கிடந்த பாத்திரங்களைக் காட்டி, எது யாருடையது என்றே தெரியவில்லை, எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடு என்றாள். இரண்டு பெரிய பைகளில் அடைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

அந்த 'வேண்டாம்' என்ற சொல்லை ஆபரேட்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் அதுவரை செய்த வேலைகளிலேயே கஷ்டமானதாக இருந்தது. பஸ்ஸில் வரும்போதே அதைக் கொஞ்சம் மெத்தென்று மாற்றிச் சொல்ல முடியுமா என்று பார்த்தாள். இப்போது வேண்டாமாம், பிறகு பார்க்கலாமாம் என்று சொன்னால் என்ன. கடைசியில் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, சரிதானே அக்கா, அவங்க சொல்றது சரிதானே என்றான். மாத்திரை நேரமாகிவிட்டது என்று மனைவி தண்ணீரோடு வந்து நின்றாள். அவள் கிளினிக் அக்காவின் பக்கம் பார்க்கவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு வழியாக முடிந்தது. அலட்சியத்தால் உயிரிழப்பு என்று அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆலைக்கு ஒரு எச்சரிக்கையோடு சரி. ஆலையின் அந்த இரும்புப் பெட்டி திரும்பவும் ஓட ஆரம்பித்தது. இப்போது சுவிட்சில் பூட்டு தொங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். ஃபிட்டரின் மனைவி அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். போகும் முன் பாடகர் குழுவிலிருந்து யாரும் அவளைப் பார்க்கப் போனதாகத் தெரியவில்லை. கிளினிக் அக்கா சிறைக்கு மாதாமாதம் போய்வந்தாள். கம்பிவலைக்கு அப்பால் நின்று அவன் சாப்பாட்டைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் பேசினான். சில தடவை பேசாமலே நேரம் முடிந்தது. ஒருமுறை, இப்போதும் சாகத் தோன்றுகிறதா என்று கேட்டாள். எப்போதாவது என்றான். எப்போதாவது என்றால் எப்போது என்று கேட்டு, சிறை மருத்துவரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அவன் மனைவியின் வீட்டுக்கும் போனாள். அங்கே கதவு திறக்கவில்லை. உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். இவள் தட்டியதும் நின்றுவிடும். இவள் இறங்கியதும் ஓடும். இனியும் போக வேண்டுமா, அந்தப் பெண்ணுக்கு இது தொந்தரவு இல்லையா என்று ஹெட் சிஸ்டரிடம் கேட்டாள். கதவுக்கு வெளியே இருந்தே அவளிடம் கேள் என்றார் அவர். அடுத்த முறை போனபோது அவள் கதவைப் பார்த்து, வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடும்மா, வரமாட்டேன் என்றாள். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வர வேண்டாம் என்றும் வரவில்லை. அதனால் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் போனபோது கதவு விரியத் திறந்திருந்தது. அறை காலியாகிக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டிகள், சுருட்டிக் கட்டிய மெத்தை. கட்டிலை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். ஆபரேட்டரின் மனைவி, தான் வேலை செய்கிற கம்பெனிக்குப் பக்கத்தில் இன்னும் சின்ன அறை ஒன்று பார்த்திருக்கிறேன், தம்பி வண்டியோடு கீழே நிற்கிறான், அவனுக்கு முதுகில் அடிபட்டு மேலே வந்து தூக்க முடியாது என்று, இவளிடம் சொல்வது போலும் இல்லாமல், சொல்லாதது போலும் இல்லாமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பீரோவின் ஒரு பக்கம் போய் நின்றாள்.

"ஜெபமெல்லாம் வேண்டாம். அந்தப் பக்கம் பிடிங்க."

கிளினிக் அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பிடித்தாள். வெறும் பீரோதான், இருந்தும் கனம் கொன்றது. முதல் படிக்கட்டை எப்படியோ இறங்கினார்கள். திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டது. ஒரு மூலை சுவரில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது; மறு மூலை கைப்பிடிக் கம்பியில் சிக்கியது. மேலே அவள், கீழே இவள், நடுவில் பீரோ. இரண்டு பேருக்கும் இரைத்தது. இரும்பின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அவள் நின்றாள்.

"உங்கள நான் மன்னிக்கல" என்றாள். "தெரிஞ்சுக்கோங்க."

"தெரியும்மா" என்றாள் கிளினிக் அக்கா. "கொஞ்சம் உங்க பக்கம் தூக்குங்க. கீழ்க் கால்தான் மாட்டியிருக்கு."

அவள் தூக்கினாள். பீரோ கிரீச்சிட்டுக்கொண்டு திரும்பியது. இருவரும் ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தார்கள்.